முறிந்ததும் முறித்ததும்

என் மகனுக்குக் கை முறிந்துவிட்டது. பதினைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் கபடி. பாடிப் போனவனை மூன்று பேர் மடக்கியிருக்கிறார்கள். ஒருவன் இடுப்பைப் பிடித்துச் சாய்க்க, இவன் இடது கையை ஊன்றி விழுந்திருக்கிறான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவு. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்து ஆறு வாரம் என்றார். மாவுக்கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து ஒரு துணியில் கையைத் தொங்கவிட்டு அனுப்பினார்.

தெருமுனை டீக்கடையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்: “என்ன தம்பி, எந்த ஸ்டேஷன் பாத்ரூம்ல விழுந்தே?”

பெஞ்சு முழுவதும் சிரித்தது. டீ ஆற்றுகிறவர் சிரித்தார். என் மகன் வலியோடு சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் போவதற்குள் எதிர்வீட்டுக்காரர் அதையே கேட்டார். சாயங்காலத்துக்குள் ஏழெட்டுப் பேர் கேட்டாகிவிட்டது. ஒவ்வொருவரும் தாமே புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொன்னார்கள். என் மனைவி தன் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். சிரிக்காதவர் வீட்டில் ஒருவர்தான். என் மாமனார். ரிடையரான ஏட்டு. பேரனின் கட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

இந்த ஹாஸ்யத்துக்கு உரை எழுதத் தேவையில்லை. தமிழ்த் தினசரி படிக்கிற யாருக்கும் அந்தப் புகைப்படம் தெரியும். சுவரோரம் ஓர் இளைஞன். வலது கையிலோ இடது கையிலோ மாவுக்கட்டு. சில சமயம் காலிலும். கீழே இரண்டு வரிச் செய்தி: தப்பி ஓட முயன்றபோது தவறி விழுந்ததில், அல்லது கழிப்பறையில் வழுக்கி விழுந்ததில், கை முறிந்தது. நம்முடைய பத்திரிகைத் தமிழில் இவ்வளவு கட்டுக்கோப்பான வாக்கியம் வேறு இல்லை. ஆண்டுக்கணக்காக ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் அது பொய்யென்று தெரியும். தெரியும் என்பது எழுதுகிறவருக்கும் தெரியும். பொய் சொல்வதற்கு ஒருவரை நம்பவைக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச மரியாதைகூட இங்கே அவசியப்படவில்லை.

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோம். முறிந்தது தன்வினை, முறித்தது பிறவினை. இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றுத்தான் வித்தியாசம். மெல்லினம் வல்லினமாகிற தூரம். ‘முறித்தது’ என்று எழுதினால் யார் என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். ‘முறிந்தது’ என்று எழுதிவிட்டால் எழுவாயாகக் கையே போதும். கை முறிந்தது. மழை பெய்தது. இலை உதிர்ந்தது. மொழியில் இவ்வளவு வசதி இருப்பது கவிதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் பயன்படுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

2025ஆம் ஆண்டு மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகளே இதைக் கேட்டுவிட்டார்கள். காவல் நிலையக் கழிப்பறையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் ஏன் வழுக்கி விழுகிறார்கள், அங்கே வேலை பார்க்கும் அதிகாரிகள் யாரும் விழுவதில்லையே என்ற பொருளில். டீக்கடை பெஞ்சில் இருந்த ஹாஸ்யம் உயர்நீதிமன்ற பெஞ்சுக்கு ஏறியது. அதற்கு முன்பே, 2020 டிசம்பர் 2ஆம் தேதி, எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. எங்கெங்கே வைக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் ஒரு பட்டியல் உண்டு. வாசல், லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை என்று போகிற அந்தப் பட்டியலில் கழிப்பறையும் வருகிறது. உள்ளே அல்ல, வெளியே என்ற குறிப்போடு. மனிதனின் மானத்தைக் காப்பாற்ற எழுதிய அந்தக் குறிப்பு நியாயமானதுதான். ஆனால் வழுக்கி விழுவதற்கு இந்தத் தேசத்தில் ஓர் இடம் சட்டப்படி மிச்சமிருக்கிறது என்றும் அதைப் படித்தபோது தோன்றியது.

கேமராவும் முழுத் தீர்வல்ல. சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கில் அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் ஸ்டேஷனில் பிடித்துவைக்கப்பட்டார்கள். மறுநாள் ரிமாண்ட். கோவில்பட்டி கிளைச் சிறை. மகன் 22ஆம் தேதி இறந்தார், தந்தை 23ஆம் தேதி. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பார்த்தபோது கேமராவின் வட்டில் நிறைய இடமிருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துபோகும்படி அமைத்திருந்தது. ‘தானாகவே அழிந்தது.’ இதுவும் தன்வினைதான். முதல் தகவல் அறிக்கை இன்னும் ஒருபடி மேலே. அவர்கள் தரையில் உருண்டு புரண்டதில் உள்காயம் ஏற்பட்டதாம். வழுக்கக்கூட இல்லை.

அந்த வழக்கில் எழுவாயைச் சொன்னவர் ஒரு பெண் தலைமைக் காவலர். அன்றிரவு பணியில் இருந்தவர். நடந்ததை நடந்தபடி மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். தலைமைக் காவலர் என்றால் ஏட்டு. செய்தி வந்த அன்று என் மாமனார் தினசரியை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பழைய பேப்பர்க்காரருக்கு அந்த ஒரு நாள் இதழ் மட்டும் போகவில்லை.

அரசியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் எதிர்க்கட்சியாக இருந்து சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது என்றவர்கள் 2025இல் ஆளுங்கட்சி. 2020இல் ஆண்டவர்கள் 2025இல் அதையே சொன்னார்கள். அறிக்கைகளை இடம் மாற்றி வைத்தால் கட்சிப் பெயரைத் தவிர வேறொன்றையும் திருத்த வேண்டியிராது. ஆனால் கட்சிகளைக் குறை சொல்வது எனக்கு மிகவும் சௌகரியமான காரியம். நான் எழுத வந்தது அதையல்ல.

எட்டு வருஷங்களுக்கு முன் என் மனைவியின் கழுத்திலிருந்து ஐந்து பவுன் சங்கிலியைப் பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். அவள் கீழே விழுந்து முழங்கையெல்லாம் சிராய்ப்பு. கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு பல நாள் இருந்தது. நான் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன். மூன்றாவது வாரம் கூப்பிட்டனுப்பினார்கள். மேஜைமேல் சங்கிலி. அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்டேன். வராந்தாவில் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் வலது கையில் மாவுக்கட்டு. அங்கிருந்த அதிகாரி அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டி, “திருப்தியா சார்?” என்றார். “ரொம்ப நன்றி சார்” என்றேன். உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே திருப்தியாக இருந்தது. வழியில் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று பிறகுதான் படித்தேன். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. வெள்ளைக்காரனுக்கே தன் போலீஸ்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்தது: காவலில் இருப்பவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் அகப்பட்டால், அது சம்பந்தப்பட்ட அளவுக்கு அவன் சொன்னது சாட்சியாகும். 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோது இரண்டும் 23ஆம் பிரிவுக்குள் குடிபோயின. எண் மாறியது, வாசல் மாறவில்லை. அந்த வாசல் வழியாகத்தான் என் மனைவியின் சங்கிலி திரும்பி வந்தது. கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கினோம். இப்போதும் அவள் கழுத்தில் இருக்கிறது. அந்தப் பையன்களுக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

1855இல் சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிப்பவனும் போலீஸும் ஒரே ஆளாக இருந்த காலம். அதன் பிறகே 1859இல் போலீஸுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அந்த ஆங்கில அறிக்கையில் சில தமிழ்ச் சொற்கள் அப்படியே கிடக்கின்றன. கிட்டி: இரண்டு கழிகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள்: உடம்பை வளைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி நிறுத்துவது. கொடுமைதான். ஆனால் செய்கிறவன் செய்வதற்குப் பெயர் வைத்திருந்தான். நாம் நாகரிகமடைந்து, செயலுக்குப் பெயரில்லாமல் செய்து, சிகிச்சைக்கு மட்டும் பெயர் வைத்திருக்கிறோம். மாவுக்கட்டு.

அன்றிரவு டெலிவிஷனில் கபடி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு பேர் ஒருவனைப் பிடிக்கிற ஆட்டம் இது. ஆனால் அந்த ஒருவன் விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் ஏழு பேரும் விட்டுவிட வேண்டும். வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்தக் கூடாது. உடையைப் பிடித்து இழுக்கக் கூடாது. மகன் ஒற்றைக் கையால் சோறு பிசைந்துகொண்டே விதிகளை விளக்கினான். பிடித்தவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனம் ஒரு நடுக்கோடு போட்டிருக்கிறது. சாத்தான்குளத்து அப்பாவும் பிள்ளையும் அந்தக் கோட்டைத் தொட்டவர்கள்தான்.

மாமா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பையன் தூங்கப் போன பிறகு சொன்னார்:

“பாதி நாள் அந்த பாத்ரூம்ல தண்ணியே வராது மாப்பிள்ளை. வழுக்கறதுக்கு எங்க போறது?”

நான் பதில் சொல்லவில்லை.

“எனக்குக் கையெழுத்து நல்லாருக்கும்னு ரைட்டராப் போட்டுட்டாங்க. அவங்க சொல்லுவாங்க, நான் எழுதுவேன். பதினோரு வருஷம். நான் யாரையும் அடிச்சதில்ல.” சற்றுப் பொறுத்து, “எழுதினேன், அவ்வளவுதான்” என்றார்.

ஸ்டேஷனில் ரைட்டர் என்று ஒருவர் உண்டென்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன். என்னைவிட அதிகம் பேர் படித்த வாக்கியத்தை எழுதியவர் திண்ணையில் படுத்திருந்தார்.

மறுநாள் காலை மகனைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பாண்டு போட்டேன். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கிவிடக் கூடாதே என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளியை நகைத் திருட்டுப் புகாரில் பிடித்துப்போய் அடித்துக் கொன்றார்களே, அதை ஒருவர் கழிப்பறையில் மறைந்து நின்றுதான் செல்போனில் படம் பிடித்தார் என்பது அப்போது ஞாபகம் வந்தது. உடம்பைத் துடைத்துச் சட்டை மாட்டினேன். பொத்தான் போடும்போது, வராந்தாவில் பார்த்த அந்த இரண்டு பேருக்கும் பொத்தான் போட்டிருந்ததா என்று யோசித்தேன். ஞாபகமில்லை. கட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் அவன் சிநேகிதர்கள் வந்து கட்டின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் பெயர்களை எழுதிவிட்டுப் போனார்கள். பத்திரிகைப் படங்களில் வருகிற கட்டுகளில் யாரும் எழுதியிருப்பதில்லை. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேரனின் கையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு பெயராகப் படித்தார். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் ஒரு பெயர்.

“இது யாரு?”

“அவன்தான் தாத்தா என்னைப் பிடிச்சுச் சாய்ச்சவன்.”

“அவனே எழுதினானா?”

“ஆமா. நான்தான் முதல்ல எழுதணும்னு பேனாவைப் பிடுங்கிட்டான்.”

மாமா அந்தப் பெயரை மறுபடி படித்தார். பேரன் பேனாவை நீட்டி, “நீங்களும் எழுதுங்க தாத்தா, உங்க கையெழுத்து அழகா இருக்கும்” என்றான்.

“கை நடுங்குதுடா” என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

பையன் பேனாவை என் பக்கம் நீட்டினான்.