சோற்றுப் பானையருகே இருப்பவர்

ஹனோயில் உறவுக் குடும்பத்தோடு தங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது மூதாதையர் பீடம். ஒடுங்கி நீண்ட வீட்டின் கூடத்திலோ மேல்மாடியிலோ இருக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புதுப் பழமும் பூவும் வைத்து ஊதுவத்தி ஏற்றுவார்கள். மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழ்வது கன்ஃபூசிய மரபின் பலத்தில்தான் என்று முடிவுகட்ட இந்தக் காட்சி போதும். எனக்கு அது பாதி உண்மையாகக்கூடத் தோன்றவில்லை. அந்த வீட்டைத் தாங்குவது பாட்டியின் உழைப்பு.

அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஆகவே விடிகாலைச் சந்தையில் வள்ளைக்கீரையும் மீனும் பார்த்துப் பொறுக்க ஓர் ஆள் வேண்டும். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டவும் மாலையில் பள்ளி வாசலில் காத்து நிற்கவும் வேண்டும். இரவில் வட்டத் தட்டைச் சுற்றி அமர்ந்தால், விருந்தாளியின் கிண்ணத்தில் நல்ல மீன் துண்டு தானாக வந்து விழும். பானையருகே இருக்கும் பெண்ணோ பிறர் கிண்ணங்களை நிரப்பியபடியே சாப்பிடுவார். வேலைக்குப் போகும் பெண்களின் விகிதத்தில் வியட்நாம் ஆசியாவின் முன்வரிசையில் நிற்கிறது, மருமகள் பகல் முழுதும் வீட்டில் இல்லை. பேறுகால விடுப்பு ஆறு மாதம். இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகளை ஏற்கும் அரசு காப்பகங்கள் குறைவு. இடைப்பட்ட காலத்தைப் பாட்டிதான் நிரப்புகிறார். 2020 வரை பெண்களின் ஓய்வு வயது 55 என்றிருந்தது இதற்குத் தோதாக அமைந்தது.

உழவுப் பெண்ணுக்கும் சந்தையில் கடை போடுபவருக்கும் ஏது ஓய்வு வயது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கிராமங்களில் இந்தச் சார்பு இன்னும் அதிகம்: பெற்றோர் சைகோனைச் சுற்றிய தொழிற்பேட்டைகளுக்குப் போய்விட, பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். புத்தாண்டான தெத் வந்தால்தான் குடும்பம் ஒன்று சேரும். கூரை பிரிந்தபின்னும் பாட்டியை விட்டால் கதியில்லை. சடங்கே அடிப்படை என்பவர்களுக்கும் பதில் உண்டு. முன்னோர் இறந்த திதியில் ஊதுவத்தி ஏற்ற மூத்த மகன் முன்னால் நிற்பார். படையலுக்கான பண்டங்களைப் பெண்கள் விடியலிலிருந்து சமைத்திருப்பார்கள். பாட்டிகள் இதை விரும்பித்தானே செய்கிறார்கள் என்ற வாதத்தை மறுக்க மாட்டேன். ஹுவான் கியெம் ஏரிக்கரையில் விடியலில் கைவீசிப் பயிற்சி செய்யும் மூதாட்டிகள் யாருக்கும் அடிமைகளாகத் தெரிவதில்லை. ஆனால் விரும்பிச் செய்தாலும் வேலை வேலைதான். பாட்டி நின்றுவிட்டால் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும்.

அந்த விலை நெருங்குகிறது. 2021 முதல் பெண்களின் ஓய்வு வயது ஆண்டுக்கு நான்கு மாதம் வீதம் ஏறுகிறது. 2035-இல் 60 ஆகும். பிறப்பு குறைகிறதென்று 2025 ஜூனில் இரு குழந்தை வரம்பை நீக்கிய அரசுதான் பாட்டியை இன்னும் ஐந்தாண்டு அலுவலகத்தில் இருத்துகிறது. மாற்று என்றால் சம்பளத்துக்கு வைக்கும் ஆயா. ஹனோயின் வசதியான வீடுகள் வைத்துக்கொள்ளும். ஆலைத் தொழிலாளியின் கூலியில் அது கட்டுபடியாகாது.