ரிப்போர்ட் நெகட்டிவ். பயம் மட்டும் பாசிட்டிவ்!

1/ "டாக்டர், ஒரே ஒரு தடவை. காண்டம் போட்டிருந்தேன். இருந்தாலும் எச்.ஐ.வி வந்திருக்குமோ?" இப்படி நிறைய பேர் கேக்குறாங்க. கேக்கத் தயங்குறவங்களுக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு.

2/ முத்தம், எச்சில், வியர்வை மூலம் எச்.ஐ.வி பரவாது. காண்டம் கிழியலைன்னா ஆபத்து மிக மிகக் குறைவு.

காண்டமே இல்லாமல், சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி உள்ளவரோடு ஒருமுறை யோனிவழி உறவு கொண்டாலும், ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 10,000-ல் 4, பெண்ணுக்கு 8. (ஆசனவாய்வழி உறவில் இது பல மடங்கு கூடும்.) அதுக்காக காண்டம் வேண்டாம்னு அர்த்தமில்ல!

3/ காண்டம் கிழிஞ்சுடுச்சா? கூகுள் பார்த்துட்டு உக்காராதீங்க. 72 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பாருங்க. தேவைப்பட்டால் 28 நாள் தடுப்பு மாத்திரை தருவாங்க.

4/ ஸ்ரீரங்கத்துல யாராவது பார்த்துடுவாங்கன்னு காவிரிப் பாலம் தாண்டி, வேற பேர்ல தனியார் லேபுக்குப் போறவங்க உண்டு. அவசியமே இல்லை. புத்தூர் ஜி.ஹெச் நம்பிக்கை மையத்துல டெஸ்ட் இலவசம். ரிசல்ட்டை ரகசியமா வைக்கணும்னு 2017 சட்டமே சொல்லுது.

5/ லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் 45 நாளில் நெகட்டிவ், அல்லது ரேபிட் டெஸ்ட் 90 நாளில் நெகட்டிவ். முடிஞ்சது கதை. (தடுப்பு மாத்திரை எடுத்தவங்க மட்டும் டாக்டர் சொல்ற தேதியில் பாருங்க.)

6/ சிலருக்கு அப்பவும் முடியாது. கழுத்துல நெறி கட்டியிருக்கான்னு தடவுறது, கண்ணாடியில நாக்கைப் பார்க்குறது, தூக்கமில்லை, எடை குறையுது. இதெல்லாம் பதட்டத்தாலேயே வரும். மறுபடி டெஸ்ட், ரெண்டு நாள் நிம்மதி, மறுபடி சந்தேகம். தேவையில்லாத ஒவ்வொரு டெஸ்ட்டும் பயத்துக்குப் போடுற தீனி.

7/ உண்மையில் பலருக்கு பயம் வைரஸ் மேல இல்ல. குற்றவுணர்ச்சி. "செஞ்சதுக்குத் தண்டனை வந்தே தீரும்"னு மனசு காத்துட்டிருக்கு. அதான் நெகட்டிவை நம்ப முடியல. வைரஸுக்குப் பாவ புண்ணியம் தெரியாதுங்க.

8/ இன்னொன்னு. 1986-ல் சென்னையில் டாக்டர்கள் சுனிதி சாலமன், நிர்மலா நம் நாட்டில் எச்.ஐ.வி இருப்பதை முதலில் கண்டறிந்தபோது, இங்கே மருந்து இல்ல. 2004 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருது. ஒழுங்கா சாப்பிட்டால் நீண்ட ஆயுள். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவு மூலம் பரவாது. நீங்க பயப்படுற அந்த எச்.ஐ.வி இன்னைக்கு இல்ல.

9/ அதனால, அடுத்த டெஸ்ட்டுக்கு வெச்சிருக்கிற காசை எடுத்து வைங்க. பயம் வாரக்கணக்கில் போகலைன்னா மனநல ஓ.பி.க்கு வாங்க. அதுக்கும் சிகிச்சை இருக்கு, நல்லாவே கேக்கும். நேர்ல வரக் கூச்சமா? மனநலத்துக்கு 14416, எச்.ஐ.வி சந்தேகத்துக்கு 1097. ரெண்டும் இலவசம்.