போத்தலுக்கு மூன்று கப்

பொல்பிட்டிய மின்நிலையத்துக்கு வரும் தண்ணீரைக் கனமீற்றரில் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு கனமீற்றர் 1000 லீற்றர். எங்கள் அடுப்படியின் கவலை அதைவிடச் சின்னது: தீபாவளிக்குக் கேக் அடிக்க யூடியூப்பைத் திறந்தால், ஒருத்தி 'ஒரு கப் பால்' என்கிறாள், இன்னொருத்தி 250 மில்லி என்கிறாள். வீட்டில் இருப்பதோ அரிசி அளக்கிற சுண்டும் காலிப் போத்தலும்தான்.

எந்த ஊர்க் கப் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. பழைய பிரித்தானியச் சமையல் புத்தகம் என்றால் அரைப் பைந்து, அதாவது 284. எல்லாச் சாமானையும் கப்பிலேயே அளக்கிற ரொட்டிக்கும் சோற்றுக்கும் எந்தக் கப்பாக இருந்தால் என்ன? விகிதம் மாறாது. கேக்கில்தான் சிக்கல். கப் பெருத்தால் முட்டையும் கூடவே பெருக்காதே! 237க்கும் 284க்கும் நடுவில் மூன்று மேசைக்கரண்டிப் பால் நிற்கிறது. மா தண்ணியாகிவிட அது போதும்.

இதற்குப் போத்தலைப் போல எனக்கு உதவியது எதுவுமில்லை. கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கினாலும், பக்கத்து லயத்தில் பால் வாங்கினாலும் ஒரு போத்தல் என்றால் 750 மில்லி. மூன்றால் வகுத்தால் 250. அரைப் போத்தல் ஒன்றரைக் கப். ஒன்று மட்டும் கவனம்: வாய்விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் 750ஐத் தாண்டிவிடும், கழுத்தோடு நிறுத்த வேண்டும். அந்தத் தண்ணீரை ஒரே மாதிரியான மூன்று கிளாஸில் மட்டம் பார்த்துப் பிரித்து, ஒன்றில் நகப்பூச்சால் கோடு போட்டுவிட்டால், அதற்குப் பிறகு கடையில் அளவுக் கப் தேட வேண்டாம்.

மில்லியைக் கிராமாக நினைப்பது இன்னொரு தொல்லை. அந்தக் கோடு வரை கோதுமை மா போட்டால் 130 கிராம் சுற்றித்தான் வரும். டின்பாலை ஊற்றினால் 320ஐத் தாண்டும். தேயிலை ருசி பார்ப்பவர்கள் இந்த வம்புக்கே போவதில்லை. 1980இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103 முறைப்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். தூளை நிறுத்து, தண்ணீரை அளந்து ஊற்றுகிறார்கள்.

கப்பைச் சரிக்கட்டினாலும் கரண்டி மிச்சமிருக்கிறது. ஆஸ்திரேலியக் குறிப்பில் மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற ஊர்களில் பெரும்பாலும் 15. பேக்கிங் பவுடர் போடுமுன் குறிப்பு எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.