ஒரே வீட்டில் இரண்டு ஓய்வு

நான் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். என் தங்கை இருப்பது ராஜபாளையத்தில். பால்கோவாப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால் அரை மணியில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடலாம். 2024-ஆம் ஆண்டு சித்திரையில் அப்படிப் போனபோது, அந்த வீட்டில் இரண்டு பேர் ஓய்வு பெற்றிருந்தார்கள். ஒருவர் தங்கையின் கணவர். நூற்பாலையில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து, ஐம்பத்தெட்டாவது வயதில் மாலையும் கடிகாரமுமாக வீடு திரும்பியவர். மற்றவன் அவருடைய மகன். வயது இருபத்திரண்டு.

"நானும் ரிடையர் ஆயிட்டேன், மாமா" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

சிவகாசிப் பையன் ஒருவன், கோவில்பட்டிப் பையன்கள் இருவர், இவன் ஆக நால்வர், கைப்பேசியில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆடும் குழுவாக இருந்தார்கள். நால்வரும் நேரில் சந்தித்துக்கொண்டது ஒரே ஒரு முறைதான். சில்லறைப் பரிசுகள் சில கிடைத்தன. பிறகு பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவனுடைய கட்டைவிரல் இவனுடையதைவிடக் கண்ணிமைப் பொழுது முந்தியது. அவ்வளவுதான், இவனை விலகிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மாலையும் இல்லை, கடிகாரமும் இல்லை.

இனிமேல் தனியாக ஆடி, ஆடுவதை யூடியூபில் நேரலையாகக் காட்டப் போகிறானாம். அதைச் சொன்ன நாளிலிருந்து தகப்பனாருக்கும் மகனுக்கும் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை.

"அடுத்தவன் ஆடுறதை எவன் பார்ப்பான், மச்சான்?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

பையன் பதிலை எனக்குச் சொன்னான். மும்பையில் நமன் மாத்தூர் என்று ஒருவர். ஆட்டத்தில் அவருக்கு 'மார்ட்டல்' என்று பெயர். 2019 மார்ச்சில் ஹைதராபாத்தில் நடந்த பப்ஜி போட்டியில் அவர் ஆடிய சோல் குழுதான் இந்தியாவில் முதலிடம். அதே ஆண்டு பெர்லின் வரை போய் வந்தார்கள். 2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய அரசு அந்த ஆட்டத்தையே தடை செய்துவிட்டது.

மில்லைப் பூட்டினால் வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். தொழிலாளி அந்த வாசலிலாவது போய் நிற்கலாம். இங்கே நிற்பதற்கு வாசலே கிடையாது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டுப் பழகிய ஜனங்கள் இருந்தார்கள். அவர் வேறு எதையோ ஆடிக்கொண்டு பேசினார். அவர்கள் வந்து கேட்டார்கள். 2021-இல் ஆட்டம் பிஜிஎம்ஐ என்று பெயர் மாறித் திரும்பி வந்தது. மறு ஆண்டு சோல் குழுவுக்காகப் புதிய பையன்கள் களம் இறங்கி வென்றார்கள். ஆடியவர் முதலாளிகளில் ஒருவராகிவிட்டார். நேரலையில் பேச்சும் தொடர்ந்தது.

கேட்கக் கேட்க எனக்கு வேறொரு பயம் வந்தது. கை ஓய்ந்த பிறகு வாய் ஓயக்கூடாது என்கிறது இந்தத் தொழில். எங்கள் ஊர்ப் பால்கோவா அடுப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கிண்டுகிறவர் சற்றே கையை எடுத்தால் அடி பிடித்துவிடும். வாராவாரம் தொடர்கதை எழுதிய நாட்களில், ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் வாசகர்கள் என்னை மறந்துவிடுவார்கள் என்று நானும் நடுங்கியிருக்கிறேன். எனக்கு வாரம் ஒரு நாள், இவர்களுக்குத் தினமும்.

அன்றிரவு மச்சு அறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "வாங்க, வாங்க, எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று அவன் திரையைப் பார்த்து விசாரித்தான். பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று ஓரத்தில் ஓர் எண் தெரிந்தது. மூன்று. பதில் சொல்ல ஒருவருமில்லை. அவன் பேசிக்கொண்டே இருந்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கீழே வாசலில் நாய் ஒன்று குரைத்தது. (ராஜபாளையம் என்றதும் அந்த வெள்ளை வேட்டை நாயை நினைக்க வேண்டாம், இது வெறும் தெரு நாய்.) என் மைத்துனர் அதை அதட்டினார். நூற்பு யந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். வீட்டுக்குள் அதற்கு அளவு தெரியாது.

திரையில் ஒரு வரி வந்தது: 'யாருப்பா அது? செம வாய்ஸ்!' இன்னொன்று: 'அவரைப் பேசச் சொல்லு.' எண் ஏழாயிற்று.

பையன் என்னைப் பார்த்தான். எழுந்து மாடிப்படி வரை போனான். கொஞ்ச நேரம் நின்றான்.

"அப்பா..."

"என்னடா?"

அதுவும் திரைக்குள் போய்விட்டது. எண் பதினொன்று என்று காட்டியது.