வெங்கிணாந்திக்குப் பசிக்கும் வரை

தமிழகத்தார் மலைப்பாம்பு என்று சொல்வதை ஈழத்தில் நாம் வெங்கிணாந்தி என்போம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயலும் காடும் கலந்து கிடக்கும் படுவான்கரை மக்களுக்கு அது புதிய பிராணியன்று. மாரி வெள்ளம் ஏறினால் மேட்டுநிலம் தேடி வரும்; சில வேளை கோழிக்கூட்டில் அகப்படும். ஆனால் அதனை வீட்டில் வைத்து வளர்ப்பது எங்கள் ஊரில் எவரும் எண்ணிப் பாராத காரியம். எனவே, ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன் பாம்புக்குட்டி ஒன்றை வாங்கியிருக்கிறான் என்று அறிந்தபோது எனக்கு வியப்பே மேலிட்டது.

அவன் வாங்கியது நம்மூர் இனமன்று. ஆபிரிக்காவின் மேற்குப் பகுதிக்குரிய சிறிய மலைப்பாம்பு. அச்சமுற்றால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். முழு வளர்ச்சியிலும் பெரும்பாலும் ஐந்தடியைத் தாண்டாது. உணவை மறுப்பதில் பேர்போனது.

"மாமா, அஞ்சு கிழமையா ஒண்டும் சாப்பிடுதில்ல. செத்திருமா?" என்று தொலைபேசியில் கேட்டான். அவனிடமிருந்து தங்கை தொலைபேசியை வாங்கினாள். "அண்ணன், எனக்குப் பார்க்க ஏலாம இருக்கு" என்றாள். 1990-இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாய்த் தங்கியிருந்தபோது பசி என்னவென்று அறிந்தவள் அவள். தன் வீட்டில் ஓர் உயிர் உண்ணாதிருப்பதை, அது பாம்பே ஆனாலும், அவளால் தாங்க இயலவில்லை.

பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத் தந்தது கேள்வி கேட்பதைத்தான். கேட்டேன். பெரிய கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ள இடமில்லை. நாள்தோறும் கையில் எடுத்துப் பார்க்கிறான். ஒருநாள் விட்டு ஒருநாள், உறைநிலையிலிருந்து எடுத்த சுண்டெலியை ஆறிய நிலையில் நீட்டுகிறான். வாயைத் திறந்து உள்ளே தள்ளுமாறு விற்றவர் ஆலோசனை கூறியிருக்கிறார். மறுநாள் அதைச் செய்வதாக இருந்தான்.

"மருமகன், அதை மட்டும் செய்யாதே" என்றேன். வலிந்து ஊட்டினால் மென்மையான வாயும் தொண்டையும் காயமுறலாம். அச்சத்தால் மறுப்பு மேலும் வலுக்கும். அது இறுதி வழி. மிருகவைத்தியர் செய்ய வேண்டியது.

மலைப்பாம்பு தேடித் திரிந்து வேட்டையாடுவதைவிட, மறைந்து காத்திருந்து இரை பிடிப்பதே அதிகம். மறைவில்லாத இடத்தில் அது தன்னையே இரையாக உணரும். உதட்டோரக் குழிகளால் இரையின் உடற்சூட்டை உணர்கிறது. ஆறிய எலி அதற்குக் கல்லுக்குச் சமம். செரிமானத்துக்கும் புறவெப்பம் வேண்டும். மட்டக்களப்பு வெயில் இலவசமாய்த் தருவதைக் கனடாவில் மின்சாரம்தான் தரவேண்டும்.

ஆகவே கூறினேன்: சிறிய பெட்டி, உடல் இறுக்கமாய்ப் பொருந்தும் இரண்டு மறைவிடங்கள், ஒரு பக்கம் 31 அல்லது 32 பாகை செல்சியஸ், மறுபக்கம் 26. அடியில் பழைய பத்திரிகை விரிக்கலாம் (எங்கள் தொழிலுக்கு அங்காவது மதிப்பிருக்கிறது!). ஒரு வாரம் தொடவே கூடாது. பின்னர் பொழுது சாய்ந்ததும் விளக்கைத் தணித்து, பாம்பின் உடற்பருமனுள்ள எலியை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, நீண்ட இடுக்கியால் நீட்டவேண்டும். ஏற்காவிட்டால் இரவு முழுவதும் அங்கேயே விட்டு, காலையில் அகற்றவேண்டும். அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்தே. தோலுரிக்கும் முன் கண் பால்போல் வெளிறும். அப்போது முயலவே வேண்டாம். உயிருள்ள எலியை விட்டால் அது பாம்பையே கடித்துக் குதறலாம்.

தங்கையிடம் சமையலறைத் தராசை ஒப்படைக்கச் சொன்னேன். வாரமொரு முறை நிறுக்கவேண்டும். எடை பத்திலொரு பங்கு குறைந்தால் வைத்தியரிடம் ஓடவேண்டும். குறையாதவரை அது பட்டினியன்று, காத்திருப்பு. அதன் உடலமைப்பே அத்தகையது. இரைகளுக்கு இடையில் குடல் சுருங்கிக் கிடக்கும். பர்மிய மலைப்பாம்பு ஒரு பெரிய இரை உண்டபின் இரண்டு நாட்களுக்குள் அதன் இதயமே ஏறத்தாழ 40 வீதம் பருக்கிறது என்று 2005-இல் 'நேச்சர்' இதழில் ஆய்வொன்று வெளிவந்தது.

முதல் வாரம் மறுத்தது. இரண்டாம் வாரமும் மறுத்தது. தங்கை நாள்தோறும் அழைத்தாள். மூன்றாம் வாரம், இரவில் விட்ட எலி காலையில் காணப்படவில்லை. அவன் பார்க்காத நேரத்தில்தான் அது உண்டது. ஊட்டுவதையே அன்பாகக் கொண்ட நமக்கு, விலகி நிற்பதும் அன்புதான் என்று ஏற்பது கடினம். தங்கைக்கு அது இன்னமும் கடினம்.

நம்மூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வெங்கிணாந்தி 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டது. வெள்ளக் காலத்தில் குட்டி அகப்பட்டால் பெட்டியிலடைத்துப் பாலும் மீனும் வைக்காதீர்கள். பாம்பின் உணவு பாலன்று. வெங்கிணாந்தி நாடுவது மீனையுமன்று. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காட்டிலிருந்து வந்தது பெட்டிக்குள் உண்ண மறுத்தால், அதற்குத் தேவை வேறு உணவன்று, காடுதான்.