பாட்டியார் சொன்ன முற்பாதி

வேப்பம்பட்டில், மாலை ரயிலிலிருந்து இறங்கியவர்கள் வீடு சேரும் வேளையில், நமது பாட்டியார் ஜெபமாலையைக் கையில் எடுப்பார். அவர் முற்பாதி சொல்ல, தாயார் பிற்பாதி சொல்லுவார்.

1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாகவே பூசை தமிழில் நடைபெறலாயிற்று. அதற்கு முன் கேட்ட லத்தீன் பூசையைப் பற்றி வினவினால், "எனக்குப் புரியாவிட்டால் என்ன? ஆண்டவருக்குப் புரியுமே!" என்பார் பாட்டியார். பட்டதாரியான நாம் உள்ளூர நகைத்ததுண்டு.

பாட்டியார் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் தாயாரும் படுக்கையில் வீழ்ந்தார். பேச்சு நின்றது, விரல்கள் மட்டும் மணிகளை உருட்டின. முற்பாதி சொல்ல ஆளில்லை. நாமே ஆரம்பித்தோம், பிற்பாதியையும் நாமே சொன்னோம். 53 மணிகளிலும் ஒரு சொல்லும் தவறவில்லை.

கல்லூரியில் கற்றதில் பெரும்பகுதி மறந்துபோயிற்று. பாட்டியார் மடியில் அரைத்தூக்கத்தில் கேட்டது மறக்கவில்லை.