சாங்கூத் தீவின் பேராமைகள்

ஸான்ஸிபார் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், ஸ்டோன் டவுன் கரையில் படகேறி, அருகிலுள்ள சாங்கூத் தீவுக்கும் அவசியம் சென்று வாருங்கள். சிறைத்தீவு என்றும் அதற்குப் பெயருண்டு. 1890களில் அங்கே எழுப்பப்பட்ட சிறைச்சாலையில் கைதிகள் எவரும் அடைக்கப்படவேயில்லை. தொற்றுநோய் கண்ட பயணிகளைத் தனித்து வைக்கும் இடமாகவே அது பயன்பட்டது. ஆனால் நீங்கள் காண வேண்டியது அக்கட்டடத்தை அன்று, ஆமைகளை!

1919ஆம் ஆண்டு செஷல்ஸ் தீவுகளின் பிரிட்டிஷ் ஆளுநர் நான்கு அல்டாப்ரா பேராமைகளை அன்பளிப்பாக அனுப்பி வைத்தார். வெட்டவெளியில் மேய்ந்து திரிந்த அவை, 1955இல் ஏறக்குறைய 200 ஆகப் பெருகியிருந்தன. நான்கு, இருநூறான விதத்தைச் சற்றுக் கேளுங்கள். பெண் ஆமை பின்னங்கால்களால் மண்ணைப் பறித்துக் குழி தோண்டுகிறது. ஓர் ஈட்டில் 9 முதல் 25 முட்டைகள் வரை இட்டு, மண்ணை மூடி, திரும்பிப் பாராமல் போய்விடுகிறது. அடைகாப்பது வெயிலின் வேலை. சுமார் எட்டு மாதங்கள் மண்ணின் சூட்டிலேயே கரு வளர்கிறது. சூடு மிகுந்த குழியில் பெண் குஞ்சுகளும், குளிர்ந்த குழியில் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. முட்டை கிடந்தவாக்கிலேயே கிடக்க வேண்டும். ஆர்வத்தால் எடுத்துப் புரட்டினால் கரு அழிந்துவிடக் கூடும்.

இவ்வளவு பொறுமையாகப் பெருகிய செல்வத்தை மனிதரின் பேராசை விரைவாகவே கரைத்துவிட்டது. வெளிநாடுகளில் வளர்ப்புப் பிராணியாக விற்கவும், இறைச்சிக்காகவும் திருடினார்கள். 1988இல் 100, 1990இல் 50, 1996இல் எஞ்சியவை ஏழே ஏழு! பின்னர் 80 குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டபோது, அவற்றிலும் 40 மாயமாயின. அதன் பிறகே அரசு, விலங்கு நல அமைப்பொன்றின் துணையுடன் பெரிய வேலியமைத்துக் காவலிட்டது. இன்று அவ்வேலிக்குள்ளேதான் அவை மேய்கின்றன.

(நம் நாட்டு நட்சத்திர ஆமைக்கும் இதே ஆபத்துத்தான். அதை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை இல்லத்தரசிகள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.)

ஓடுகளின் மீது நீல வண்ணத்தில் வயது எழுதியிருப்பார்கள். நூற்றைத் தாண்டிய எண்களும் உண்டு. அவை மதிப்பீடுகளே என்பதை நினைவிற் கொள்க. கீரையை நீட்டினால் நிதானமாக வந்து உண்ணும்; கழுத்தை மெல்ல வருடினால் நீட்டிக் காட்டும். உடன் வரும் சிறுவர்களை மட்டும் முதுகில் ஏற விடாதீர்கள்.